எந்த அடியில் இருக்கிறது, கண்ணு?



தேர்வு நெருங்கிவிட்டால் மாலை வேளைகளில் நம் வீடுகளில் ஒரே ஓசைதான். பிள்ளை ஏதோ ஒரு பாட்டின் மையக்கருத்தை உரத்த குரலில் மனப்பாடம் செய்கிறான். தாய் அடுக்களையில் இருந்தபடியே, "இன்னொரு தடவை சொல்லு" என்கிறாள். தடங்கலின்றிச் சொல்லிவிட்டால் படிப்பு முடிந்தது. அப்பாட்டை அவன் ஒருமுறையேனும் முழுமையாகப் படித்தானா என்று கேட்பார் இல்லை. 'கைடு' என்னும் துணைநூலில் அச்சிட்ட இரண்டு வரி போதும் என்பது பிள்ளையின் எண்ணம். மதிப்பெண் வந்தால் போதும் என்பது நம் எண்ணம்.

பீளமேட்டில் வாழும் நமக்கு இது பொருந்தாத பழக்கம். பஞ்சு வாங்குபவர் விற்பவருடைய சொல்லை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பதுண்டோ? பொதியின் உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து, விரலால் இழுத்து, இழையின் நீளத்தைப் பார்த்த பின்னரே விலை பேசுவார். நன்னூல் செய்த பவணந்தியாரும் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உருவகம் செய்திருக்கிறார். ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு இதைவிட எளிதில் விளங்கும் உவமை ஏது?

சிலப்பதிகாரத்தின் மையக்கருத்து என்னவென்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் "கற்பு" என்று ஒரே சொல்லில் விடை கூறுகின்றனர். கற்பு என்பது நூல் பேசும் பொருள். அதைப் பற்றி நூல் என்ன சொல்கிறது என்பதே கருத்து. காப்பியம் முழுவதும் ஊடுருவி நிற்கும் கருத்துக்குத் தண்டியலங்காரம் 'பாவிகம்' என்று பெயரிடுகிறது. அதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகளைக் கவனியுங்கள். பிறன் மனைவியை விரும்பியவன் சுற்றத்தோடு அழிவான் என்பது இராமாயணத்தின் பாவிகம். பொறுமையைவிடச் சிறந்த கவசம் இல்லை என்பது பாரதத்தின் பாவிகம். இரண்டும் முழு வாக்கியங்கள். வாக்கியமாகச் சொன்னால்தான் ஒருவர் "ஆம்" என்றும் மற்றொருவர் "அன்று" என்றும் கூற இயலும். அப்போதுதான் சான்று தேவைப்படுகிறது.

சிலம்பின் பதிகமோ மூன்று கருத்துகளைத் தானே எடுத்துரைத்துவிடுகிறது. அரசியலில் தவறியவர்க்கு அறமே எமனாகும். கற்புடைய பெண்ணை உயர்ந்தோர் போற்றுவர். முன்வினை தவறாமல் வந்து பயன் தரும். விடை கையில் கிடைத்துவிட்டதே என்று பிள்ளைகள் மகிழ்கின்றனர். பதிகம் சொன்னாலும் அது நூலுள் எங்கே மெய்ப்படுகிறது என்று தேடித்தானே ஆகவேண்டும்?

மாலையில் என்னிடம் படிக்க வரும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "எந்த அடியில் இருக்கிறது, கண்ணு?" முதலில் விழித்தார்கள். பிறகு புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்கள். ஒரு சிறுவன், "எல்லாம் ஊழ்தான், சாமி" என்றான். எங்கே என்றேன். கொலைக்களக் காதையைக் காட்டினான். பாண்டியன் ஆராயாமல் ஆணையிடும் இடத்தில், வினை பயன் தரும் காலம் வந்துவிட்டது என்று இளங்கோவடிகளே சொல்கிறார். நல்ல சான்று. உடனே ஒரு சிறுமி எழுந்தாள்: "ஊழ் என்றால் ராஜா கடைசியில் ஊழைத்தானே குறை சொல்லவேண்டும்? நானே கள்வன் என்று ஏன் சொல்கிறார், சாமி?" அவள் காட்டியது வழக்குரை காதை. இதுவும் சான்றே. அரசனின் தவற்றைப் பொறுத்தவரை அவள் காட்டியது வலிமையுடையது என்பது என் தீர்ப்பு. ஆயினும் சிறுவனின் அடியை அழித்துவிட முடியாது. அன்று இரு தரப்பாரும் அந்த இரண்டு காதைகளையும் படித்தே வீடு திரும்பினர்.

சான்று போலத் தோன்றிச் சான்றாகாத பேச்சையும் அதே கொலைக்களக் காதை காட்டுகிறது. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றம் அன்று என்கின்றனர். பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், மருந்து, நிமித்தம் எனக் கள்வருக்குத் துணையாகும் எட்டினை அடுக்குகிறான். இளைஞன் ஒருவன், முன்னொரு மழைக்கால இரவில் தன் வாளைப் பறித்துக்கொண்டு மறைந்த கள்வனின் கதையைச் சொல்கிறான். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் கோவலன் திருடினான் என்பதற்கு இவற்றுள் ஒன்றேனும் சான்றாகுமா? அதற்குள் கல்வியறியாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

கண்ணகியின் வழக்கு வேறு வகையானது. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எம்முடையது முத்து என்கிறான் பாண்டியன். இரு தரப்பாரும் ஏற்கக்கூடிய சோதனை அது; சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது. அரசன் முன்னமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அன்றோ அது? சூசன்னாவைப் பழித்த முதியோர் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று தானியேல் கேட்டதும் இத்தகைய கேள்விதான். அங்கே தண்டனை நிறைவேறும் முன் ஒருவர் கேட்டார், மதுரையில் கேட்பாரில்லை.

கூற்று, காரணம், எடுத்துக்காட்டு என்னும் இம்முறை நமக்குப் புதியதன்று. மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையில் காண்பதுபோல் என்று மணிமேகலை கற்பிக்கிறது. கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவராகப் போற்றப்படும் அடியார்க்கு நல்லார், சிலம்புக்கு உரை எழுதுகையில் இசையைப் பற்றியோ கூத்தைப் பற்றியோ ஒன்று சொன்னால் பழைய நூலைச் சான்று காட்டாமல் நகரமாட்டார். அவற்றுள் சில நூல்களின் பெயர் இன்று நமக்குத் தெரிவதே அவர் காட்டிய மேற்கோள்களால்தான். உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த அவ்வுரை, வழக்குரை காதைக்கு முன்பே நின்றுவிடுகிறது. அக்காதையை நம் பிள்ளைகள் அவர் துணையின்றியே படித்தாக வேண்டும்.

நீங்கள் சிலப்பதிகாரம் படித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுத்தறியாத தாயும் இதைச் செய்யலாம். பிள்ளை மையக்கருத்தை ஒப்பித்து முடித்ததும், "அது பாட்டில் எங்கே இருக்குது, காட்டு" என்று கேளுங்கள். காட்டிய அடியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு, "இதனால் அது எப்படித் தெரியுது?" என்று ஒன்று கேளுங்கள். முதல் நாள் எரிச்சல்படுவான், கைடைத் தூக்கிக்கொண்டு வருவான். அதை வாங்கி வைத்துவிட்டுப் பாடநூலைக் கையில் கொடுங்கள். உலையில் அரிசி வேகும் நேரம் போதும்.