கண்ணாடிக் கலையும் கல்லூரிக் கல்வியும்

கைத்தொழில் என்றதும் தையலும் கூடை முடைதலுமே நம் பெரியோர் பலர்க்கு நினைவில் எழுகின்றன. கண்ணாடித் துண்டுகளை உலையிலிட்டு இணைத்துப் பதக்கமும் பொத்தானும் சிறு தட்டும் ஆக்கும் கலையைப் பட்ட வகுப்பினர்க்கும் கற்பித்தல் வேண்டும் என்றால், தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தியதையும், அங்குக் கிடைத்த கண்ணாடி மணிகளையும் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறோம். அம்மணிகள் குழலாக இழுத்து நறுக்கப்பட்டவை. உலையிலிட்டு இணைக்கும் முறை வேறு. ஆயினும் நெருப்பிற்குக் கண்ணாடி எவ்வாறு இளகுகிறது என்பதைக் கண்ணாற் கண்ட மாணவர்க்கு அச்செய்தி வெறும் தேர்வுக் குறிப்பாக நின்றுவிடாது என்பது எமது துணிபு.

3 மி.மீ. கனமுள்ள தகடுகள் இரண்டை அடுக்கி, அலுமினாக் குழம்பு பூசி உலர்த்திய பலகைமீது வைத்து, ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வரை சூடேற்றினால் அவை ஒன்றாகிவிடும். வார்ப்பதாயின் சிலிக்காவும் பிளாஸ்டர் மாவும் கலந்த அச்சு வேண்டும். அச்சில் எத்தனை மில்லிலிட்டர் நீர் கொள்கிறதோ அதனை 2.5ஆல் பெருக்கினால் தேவையான கண்ணாடித் தூளின் எடை கிராமில் கிடைத்துவிடும். கணக்கென்றால் அஞ்சும் நம் மாணவர்க்கும் இது இனிக்கவே செய்யும்!

உருக்குதல் எளிது, ஆற்றுதலே அரிது. 500 பாகையை ஒட்டிய வெப்பத்தில் நிறுத்தி, பின்னர் மெல்ல மெல்லத் தணித்தல் வேண்டும். அவசரப்பட்டு உலையைத் திறந்தால் உள்ளிறுக்கம் தங்கிவிடும். அழகாகத் தோன்றிய பதக்கம் சில நாள் கழித்துத் தானே விரிசல் விடும். விரிவெண் 90 உடைய கண்ணாடியோடு 96 உடையதைச் சேர்த்தாலும் இதே கதிதான். பாலை ஆற்றுகிறோம், துயருற்றாரை ஆற்றுகிறோம், கடமையையும் ஆற்றுகிறோம். ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் வைத்த மொழியினர், ஆற்றும் பொறுமையை இழந்து வருகிறோம். ஒரே நாளில் கற்பித்துச் சான்றிதழும் வழங்கும் பயிற்சிகளை நாம் ஏற்பதற்கில்லை. உலை முழுதும் ஆறுவதற்கே அந்த ஒரு நாள் போதாமற் போகலாம்.

செலவு மிகும் என்பார்க்கு ஒன்று சொல்வோம். கண்ணாடிக் கடைகளில் கழித்துப் போடும் சன்னல் கண்ணாடியே தொடக்கத்திற்குப் போதும். ஒரே தகட்டில் அறுத்த துண்டுகளாயின் விரிவெண் சிக்கலும் இல்லை. வெப்பம் மட்டும் சற்றுக் கூடுதலாக வேண்டும். சிறு மின்னுலை ஒன்றைத் துறைகள் கூடி வாங்கலாம். சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் ஆதலின், அச்சு மாவு கலக்குமிடத்தில் தகுந்த மூச்சுக் கவசமின்றி எம்மாணவரையும் அமர்த்துதல் கூடாது. உலை வாங்குமுன்பே கவசத்திற்குப் பணம் ஒதுக்குமாறு ஆட்சிக்குழுப் பெரியோரை வேண்டுகிறோம்.