லத்திக்குச் சட்டம் உண்டு, கஞ்சிக்கு இல்லையா?

தோழர்களே, கொள்ளைநோய் வரும்போதெல்லாம் படித்தவர்கள் ஒரு பட்டிமன்றம் வைக்கிறார்கள்: தனிமனித சுதந்திரமா, பொதுச் சுகாதாரமா? நான் கேட்கிறேன்: எந்த மனிதனின் சுதந்திரம்? எந்தப் பொதுவின் சுகாதாரம்?

1897 பிப்ரவரியில், பம்பாய் பிளேக்கைக் காட்டி, வெள்ளைக்காரன் கொள்ளைநோய்ச் சட்டம் போட்டான். நாலே நாலு பிரிவு. அரசு எந்தக் கட்டுப்பாட்டையும் விதிக்கலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தில் செய்ததாகச் சொன்னால் அதிகாரிமேல் வழக்கில்லை. அடைத்துவைக்கப்பட்டவனுக்குக் கஞ்சி ஊத்தியே ஆகணும், கூலி கொடுத்தே ஆகணும் என்ற கடமை ஒரு வரியிலும் இல்லை.

பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்தார்கள். அடுப்படியும் பூசையறையும் தீட்டாப்போச்சு என்று மேல்சாதி கொதித்தது. ஜூன் 22இல் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டான். அந்தத் துப்பாக்கியைத் தேசிய வரலாறு கொண்டாடுகிறது. அதே ஆண்டு மார்ச் 10இல், பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து அதே நோயில் செத்த சாவித்திரிபாய் பூலேயை அப்படிக் கொண்டாடியதா? அவர் தோளில் தூக்கி வந்தது ஒரு மகார் பிள்ளையை. கதவை உடைக்காமலும் நோயோடு மோதலாம் என்று காட்டியவர் அவர்.

வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. அதோடு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையும் சேர்த்துக்கொண்டு, 2020 மார்ச் 24 ராத்திரி, நாலு மணி நேர அவகாசத்தில் நாட்டையே பூட்டினார்கள். 'வீட்டுல இரு, எட்டி நில்லு, கையைக் கழுவு.' ஒத்தை ரூமில் ஏழு பேர் எங்கே எட்டி நிற்பது? குடிக்கவே தண்ணி லாரிக்குக் காத்துக் கிடக்கிறவன் எதில் கை கழுவுவது? துப்புரவுத் தொழிலாளிக்கோ ஊரடங்கே இல்லை. பரேலியில், ஊர் திரும்பிய கூலிகளை ரோட்டில் உட்காரவைத்துக் கிருமிநாசினி பீய்ச்சினார்கள். கிருமியும் மனுசனும் அவர்களுக்கு ஒன்றாகத் தெரிந்தது.

2022 மே 2இல் உச்சநீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, தன் உடம்பின்மேல் உரிமை 21ஆம் பிரிவில் உண்டு என்றது. வரவேற்கிறேன். ஆனால் லத்தி விழும் உடம்பும் உடம்புதானே? பசிக்கிற வயிறு அதில் சேராதா?

அரசுக்கு அதிகாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோய் பரவினால் நெருக்கியடித்து வாழும் சேரிதான் முதலில் சாகும். நோயாளியைத் தனிமைப்படுத்து. ஆனால் காரணத்தை எழுதிக்கொடு. எத்தனை நாள் என்று சொல். மேல்முறையீட்டுக்கு வழி வை. அடைக்கிற அன்றைக்கே அரிசியும் கூலியும் தண்ணியும் வரட்டும். அத்துமீறிய அதிகாரி கூண்டில் ஏறட்டும்.

இதையெல்லாம் சலுகையாகப் பிச்சை போடாதே, சட்டத்தில் கடமையாக எழுது. எழுதவைக்கும் வேலை நம்முடையது. அடுத்த கொள்ளைநோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.