ஊரைப் பற்றிய படம் ஊராருக்குக் கிடையாதா?

நகரத்துக் குடிசைப் பகுதி ஒன்றைப் பற்றி நீங்கள் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கருத்தரங்கில் வாசிக்கலாம், புத்தகமாகவும் போடலாம். யாரிடமும் முன்அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். அதையே 20 நிமிட ஆவணப்படமாக எடுத்துப் பொதுவில் திரையிடப் போனால் கதையே வேற. 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும்.

பண்பாட்டுப் புவியியல் படிப்பவர்களை இது நேரடியாகப் பாதிக்கிறது. அந்தத் துறைக்கு ஓர் இடம் என்பது வரைபடத்துப் புள்ளி மட்டுமல்ல. அந்தத் தெருவை யார் என்ன பெயரில் அழைக்கிறார்கள், இருட்டிய பிறகு யார் அங்கே போகத் தயங்குகிறார்கள், யார் அங்கிருந்து கிளப்பப்பட்டார்கள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் இடம். சத்தமும் முகமும் இல்லாமல் இதைச் சொல்வது கஷ்டம். அதனால்தான் படம் எடுப்பதும், திரையிட்டுப் பேசுவதும் ஆய்வின் பகுதியாகிவிட்டன. பிரிட்டனில் பேட்ரிக் கீல்லரின் 'ராபின்சன் இன் ரூயின்ஸ்' (2010) படம், புவியியலாளர் டோரீன் மாஸியும் பங்கேற்ற ஓர் ஆய்வுத் திட்டத்தில் உருவானதுதான்.

நான்கு நகரங்களின் வழக்கு

இந்தியாவில் இந்தச் சண்டையின் முக்கியமான வழக்கே நகரங்களைப் பற்றிய ஒரு குறும்படம்தான். கே.ஏ. அப்பாஸ் 1968இல் எடுத்த 'எ டேல் ஆஃப் ஃபோர் சிட்டீஸ்'. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், டெல்லி. ஒரு பக்கம் மாளிகை, மறுபக்கம் சேரி. அவர் 'யு' கேட்டார். தணிக்கைக் குழு 'ஏ'தான் என்றது. பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சிகள் உறுத்தின. அவற்றை வெட்டினால் 'யு' தருகிறோம் என்றது மத்திய அரசு. அப்பாஸ் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே, வெட்டு இல்லாமலே தர அரசு சம்மதித்தது. அத்தோடு விட்டிருக்கலாம். மனுஷன் விடவில்லை; முன்தணிக்கையே தவறு என்று வாதிட்டார். 1970இல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா அமர்வு அதை ஏற்கவில்லை. மற்ற கலைகளைவிட சினிமா மனதை ஆழமாகக் கிளறும், அதனால் அதைத் தனியாக நடத்தலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

போனில் யாரும் எதையும் பார்க்கிற இன்றைக்கும், ஒரு ஹாலில் 40 பேர் சேர்ந்து பார்ப்பதற்கு அதே தர்க்கம்தான். 2023 திருத்தத்தில் 7, 13, 16 என்று வயதுப் பிரிவுகள் வந்தன. தணிக்கையை எதிர்த்து முறையிட இருந்த தீர்ப்பாயமோ 2021இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. இனி உயர் நீதிமன்றம்தான். ஆய்வு மாணவர் வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவார்?

சட்டத்தின் 9ஆவது பிரிவின்கீழ் அரசு விலக்கு தரலாம். திரைப்பட விழாக்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அது அமைச்சகத்தின் மனசைப் பொறுத்தது. 2017இல் கேரளத்தின் ஆவணப்பட விழாவில், ரோஹித் வெமுலா, காஷ்மீர், ஜே.என்.யு. தொடர்பான மூன்று படங்களுக்கு அந்த விலக்கு மறுக்கப்பட்டது. கல்வி நிறுவனங்களும் நூலகங்களும் திரைப்படச் சங்கங்களும் லாப நோக்கமின்றி நடத்தும் திரையிடல்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு எழுதப்பட வேண்டும்.

வாசலில் அடையாள அட்டை

பழியை எல்லாம் சட்டத்தின்மேல் போட்டுவிட்டுக் கல்வியாளர்களும் நகர முடியாது. அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்றிருக்கும். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். வேலை நாளில் பகல் 3 மணிக்கு ஏ.சி. அரங்கில் போட்டால், படத்தில் இருக்கும் தினக்கூலிக்காரர் எப்படி வருவார்?

பம்பாய் நடைபாதைவாசிகளை 1981 மழைக்காலத்தில் வெளியேற்றத் தொடங்கினார்கள். பிழைப்புக்கான உரிமையும் வாழும் உரிமையில் அடக்கம் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் வெளியேற்றத்தை முழுசாகத் தடுக்கவில்லை. அதே ஆண்டு வந்தது ஆனந்த் பட்வர்தனின் 'பம்பாய்: அவர் சிட்டி'. அதில் ஒரு பெண், படமெடுப்பவரையே மடக்குகிறார்: இதனால் எங்களுக்கு என்ன லாபம் என்கிற தொனியில். பட்வர்தன் அதை வெட்டாமல் வைத்தார். அந்தக் கேள்வி செமினார் ஹாலுக்குள் எழாது. படத்தில் இருப்பவர் எதிரே உட்கார்ந்திருந்தால்தான் எழும்.

அதில் ஆபத்தும் உண்டு. ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டிய தெருவில், கேமரா முன் பேசியவர் அடையாளம் தெரிந்து மாட்டிக்கொள்ளலாம். எனவே எடிட்டை முடிக்கும் முன்பே அந்தத் தெருவில் ஒருமுறை போட்டுக் காட்டட்டும். வெள்ளைத் துணி, வாடகை புரொஜெக்டர், எல்லோரும் வேலை முடிந்து வந்த பிறகு. சட்ட விலக்கு அந்தத் தெருவுக்கும் சேர்த்துத்தான் வேண்டும். அப்போது ஒருவர் "என் முகம் வேணாம், எடுத்துடுங்க" என்றால், ஆய்வேட்டுக்கு எவ்வளவு முக்கியமான காட்சியானாலும் எடுத்துவிட வேண்டும். அப்பாஸிடம் அரசு கேட்ட வெட்டு வேறு, இது வேறு.