இருட்டுக் குகைச் சிலந்திக்காக யார் பேசுவார்?



அருகிவரும் உயிரினம் ஒன்றைப் பற்றிப் படத்தொகுப்பு செய்து வருமாறு என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் பணித்திருந்தேன். மலாயாப் புலி பதினொன்று வந்தது, பாண்டா ஆறு. மாணவி ஒருத்தி மட்டும், சீனத்து ஏரிகளில் முக்குளித்து இரைதேடும் பேயர் வாத்தின் படத்தை ஒட்டி வந்திருந்தாள். மகிழ்ந்தேன். ஆயினும் நம் வாசலிலேயே வாழும் ஓர் உயிரை எவரும் கொண்டு வரவில்லையே என்று மனம் உறுத்திற்று. இத்தனைக்கும் ஆண்டுதோறும் தைப்பூசத்தில் பால்குடம் எடுக்கும் குடும்பத்துப் பிள்ளைகளே அவ்வகுப்பில் மிகுதி.

பத்துமலையின் 272 படிகளில் ஏறுவோர், மேற்குகையை எட்டுமுன் இடப்புறம் பிரியும் வழியொன்றைக் கண்டிருப்பர். அது இருட்டுக் குகை. மலாயில் குவா கெலாப். பத்துமலைக் கதவுச் சிலந்தி அங்கே வாழ்கிறது. 1923-இல் அறிவியலார் அதற்கு இட்ட 'லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ்' என்னும் பெயரில் நம் மலையின் பெயரே இருக்கிறது.

இச்சிலந்தி வட்ட வலை பின்னுவதில்லை. குகைச் சுவரில் பட்டிழையால் சிற்றறை அமைத்து, மண் துகளால் மறைத்த கதவொன்றை இடுகிறது. வாயிலிலிருந்து சில இழைகளை வெளியே விசிறிபோல் நீட்டி வைத்து, உள்ளே காத்திருக்கிறது. இழையில் பூச்சியின் கால் பட்டால் அதிர்வு உள்ளே எட்டும், கதவு திறக்கும், இரை மறையும். அதன் வயிற்றின்மேல் கண்டம் கண்டமாய்த் தகடுகள் உண்டு. பிற சிலந்திகள் பெரும்பாலும் இழந்துவிட்ட தொல்லமைப்பு அது. அதன் மரபு ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுப் பழைமையுடையது.

வெளிச்சமில்லாக் குகைக்குள் பூச்சிகளுக்கு ஏது உணவு? வௌவால்களின் எச்சமே அடிப்படை. அதை உண்டு கரப்பானும் பிற பூச்சிகளும் பெருகுகின்றன. அவற்றைச் சிலந்தி உண்கிறது. பத்துமலையின் தேனுண்ணும் வௌவால்கள் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் பறந்து, கடலோர அலையாத்திக் காடுகளின் பெரம்பாங் மலர்களை நாடுவதை 1970-களில் ஆய்வாளர் கண்டறிந்தனர். நாம் விரும்பி உண்ணும் டுரியானின் மகரந்தச் சேர்க்கையும் இவ்வௌவால்களால் நடப்பதே. ஆகவே, கடலோரக் காட்டை அழித்தாலும் அடி இக்குகைக்குள் விழும்.

2019-இல் இருட்டுக் குகை பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. வாயிலை அடைத்துவிட்டால் காப்பாற்றியாயிற்று என்று எண்ணுதல் தவறு. மலையைச் சுற்றி எழும் கட்டடமும், குவியும் நெகிழிக் குப்பையும், இரவைப் பகலாக்கும் விளக்கும் கதவைத் தட்டி அனுமதி கேட்பதில்லை.

"சிலந்திக்காகத் திருவிழாவை நிறுத்துவதா?" என்று நண்பர் ஒருவர் சினந்தார். அப்படி யாரும் கேட்கவில்லை, ஐயா! 2012-இல் மலையருகே 29 மாடிக் குடியிருப்பு எழவிருந்தபோது திரண்டு எதிர்த்தவர்கள் பக்தர்களே. அத்திட்டம் நின்றது. கோயிலுக்காக எழுந்த அக்குரல், மலைக்குள் வாழும் உயிர்களுக்காகவும் எழலாகாதா? மலையில் ஒரு கல்லை நகர்த்துமுன் குகையறிந்த அறிஞரைக் கேட்பது பக்திக்கு இழுக்காகுமா? குறிஞ்சி நிலக் கடவுளை வணங்கும் நமக்கு, குன்றும் அதன் உயிர்களும் வழிபாட்டிற்குப் புறம்பானவை அல்ல என்பதே என் கருத்து.

அடுத்த மாதம் ஒரு மாலைப்பொழுதில் மாணவர்களை மலையடிவாரத்திற்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். சிலந்தியைக் காட்ட இயலாது. இருள் கவியும் வேளையில் வௌவால்கள் புறப்படுவதைக் காட்டலாம். உடன்வர விரும்பும் பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்.