நாய்க்குடையும் நற்காளானும்

சித்திரை வெயிலில் வெடித்துக் கிடந்த பூமியின்மீது முதல் கோடை மழை இடியும் மின்னலுமாகக் கொட்டி ஓய்ந்ததென்றால், இரண்டு மூன்று நாட்களில் தரையெங்கும் குடைகள் விரியக் காணலாம். அவற்றில் சில அமிர்தத்துக்கு ஒப்பானவை. பல எதற்கும் உதவாதவை. மிகச் சில யமன். இம்மூன்றும் ஒரே மழையில், சில சமயம் ஒரே மரத்தடியில் முளைக்கின்றன என்பதில்தான் சங்கடமெல்லாம் இருக்கிறது. கடைகளில் பெட்டியில் அடைத்து விற்கும் காளான் பண்ணையில் வளர்த்தது; அதைப்பற்றி நேயர்கள் அஞ்ச வேண்டியதில்லை. இவ்வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டது தானாக முளைப்பதைப் பற்றி.

சங்கப் புலவர்கள் இதனை ஆம்பி என்றார்கள். பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தமது வறுமையை எடுத்துரைக்கும் புறநானூற்றுப் பாட்டில், சமையலையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருக்கிறது. அடுப்பு எரியாத வீட்டுக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் உலகத்தின் விசித்திரத்தைப் பாருங்கள். கறிகாய் வாங்க வகையற்ற எத்தனையோ குடும்பங்களில், மழை பெய்த மறுவாரம் அடுப்பு மணப்பதற்கும் இதே ஆம்பிதான் காரணமாயிருக்கிறது. காட்டுக் காளானைப் பொழுதுபோக்குக்காகத் தேடுகிறவர்கள் மேனாடுகளில் உண்டு. நம் நாட்டில் அதைத் தேடிப் போகிறவர்களில் மிகுதியானோர் பசியுள்ளவர்கள். ஆகவே தவறு நேர்ந்தால் அதன் விலையைக் கொடுப்பவர்களும் அவர்களே.

நல்ல காளான்களில் தலைசிறந்தது கறையான் புற்றில் எழும் காளான். இதற்குச் சாஸ்திரிகள் வழங்கும் பெயர் டெர்மிட்டோமைசிஸ். 1942-ல் ரோஜர் ஹைம் என்னும் பிரெஞ்சு அறிஞர் சூட்டிய பெயர் அது. கறையானை நாம் வீட்டு நிலைப்படியை அரிக்கும் சத்துருவாகவே அறிவோம். அது ஒரு தேர்ந்த குடியானவன் என்பதைப் பலர் அறியார். உலர்ந்த புல்லையும் மரத்தூளையும் மென்று தின்று, அந்த எருவினால் புற்றின் அடியில் தேனடை போன்ற பாத்திகளைக் கட்டுகிறது. அதன்மேல் இந்தக் காளானின் வெண்ணிற இழைகள் படர்கின்றன. மரத்திலுள்ள கடினமான சத்தை இழைகள் பக்குவப்படுத்திக் கொடுக்க, கறையான் அதை உண்டு வாழ்கிறது. மனிதன் ஏர் பிடிப்பதற்கு ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்காவில் தொடங்கிய விவசாயம் இது. மழை இறங்கி மண் குளிர்ந்ததும் ஆழத்திலுள்ள பாத்தியிலிருந்து ஒரு தண்டு மேல்நோக்கிப் புறப்பட்டு, மண்ணைத் துளைத்து வெளியே வந்து குடை விரிக்கிறது. துளைப்பதற்கென்றே குடையின் நடுவில் கெட்டியான முனை ஒன்று கூம்பி நிற்கும். கீழே, பூமிக்குள், வேர்போல நீண்டு மெலிந்து செல்லும் அடித்தண்டு. இவ்விரண்டும் இதன் முக்கியமான அடையாளங்கள். இந்தக் குடும்பத்திலேயே சிறு பொத்தான்போலக் கூட்டங்கூட்டமாகப் பூக்கும் வகையும் ஒன்று உண்டு. அதற்கு இந்த நீண்ட வேர் கிடையாது. கறையான் இல்லாமல் மனிதன் தானே இக்காளானைப் பயிரிட்டு விற்க எவ்வளவோ முயன்றும் இன்றுவரை கைகூடவில்லை. தெரிந்தவர்கள் புற்றை இடிக்காமல் குடையை மட்டும் எடுத்துச் செல்வார்கள். அடுத்த மழைக்கும் அதே இடத்துக்கு வரவேண்டுமல்லவா?

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நகைக்கிறவர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும். ஜப்பானில் இவாதே பல்கலைக்கழகத்தார் காளான் வளரும் மரக்கட்டைகளில் மின்னதிர்ச்சி செலுத்தி விளைச்சல் பெருகுவதைக் கண்டிருக்கிறார்கள்.

நிற்க. பெரியவர்கள் சொல்லும் எல்லாவற்றையும் இப்படிக் காப்பாற்ற முடியாது. காளானோடு வெள்ளிக் காசைப் போட்டு வேகவைத்தால் விஷம் இருந்தால் காசு கறுக்கும் என்பார்கள். பூண்டு கறுக்கும் என்பாரும், சோற்றுப் பருக்கை நிறம் மாறும் என்பாரும் உண்டு. பூச்சி அரித்த காளான் மனிதனுக்கும் ஆகும் என்பது மற்றொரு கொள்கை. இவை அத்தனையும் பொய். வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். கோழிமுட்டைகூட அதைச் செய்யும், அதற்காக யாரும் முட்டையை விஷம் என்பதில்லை. காளான்களில் மிகக் கொடியதோ வெள்ளியையும் கறுக்கச் செய்யாது, பூண்டையும் ஒன்றும் செய்யாது. நத்தைகள் அதைத் தின்று சுகமாக ஊர்ந்து செல்கின்றன. கொதிக்க வைத்தாலும், வெயிலில் உலர்த்தினாலும், மஞ்சளும் மிளகும் அரைத்துச் சேர்த்தாலும் அந்த விஷம் முறிவதில்லை. நாக்கும் எச்சரிக்காது. தின்று பிழைத்தவர்கள் பலர் மிகவும் ருசியாக இருந்ததென்றே கூறியிருக்கிறார்கள்.

அக்கொடியவை அமானிட்டா என்னும் குலத்தைச் சேர்ந்தவை. அக்குலத்தில் எல்லாமே கொல்வன அல்ல. ஆயினும் கொல்வது ஒன்றே போதுமே. அமானிட்டின் என்ற அந்த விஷம் ஈரலின் அணுக்களுக்குள் புகுந்து, அவை புரதம் உண்டாக்குவதற்கான கட்டளையையே நிறுத்திவிடுகிறது. இதில் பயங்கரமானது அதன் நிதானம். இரவு உண்டவனுக்கு ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரையில், சிலருக்கு அதற்கு மேலும், ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் காலராவைப்போலப் பிடித்து உலுக்கும். அடுத்த நாள் அதுவும் அடங்கிவிடும். கண்டம் நீங்கியதென்று வீட்டார் தெய்வத்துக்கு நன்றி செலுத்திக்கொண்டிருக்கையில் ஈரல் உள்ளே மடிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாள் கண் மஞ்சளிக்கும்போதுதான் உண்மை புலனாகும்.

தோட்டத்துப் புல்தரையில் மழைக்குப்பின் வட்டமாகப் பெரிய வெண்குடைகள் நிற்குமே, அவை வேறு ஜாதி. முற்றியபின் அடிப்புறம் பச்சையாகும். தின்றவர்களை இரண்டு மூன்று மணி நேரத்திலேயே குடல் வெளியே வரும்படி வாட்டி, பெரும்பாலும் உயிரோடு விட்டுவிடும். அது முரட்டுத் திருடன். அமானிட்டா சிநேகிதன்போல வந்து கழுத்தை அறுப்பது.

காளான் அறிவு உள்ளவர்களுக்கே கேடு வந்த கதை ஒன்றைச் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில் ஐரோப்பியர் கொண்டுவந்து நட்ட ஓக் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அம்மரங்களின் வேரோடு உறவுகொண்டு வாழும் விஷ அமானிட்டாவும் அங்கே குடியேறிவிட்டது. 2012-ம் ஆண்டுப் பிறப்புக்கு முந்திய இரவில் அங்கே நடந்த விருந்தொன்றில் இந்தக் காளானைச் சமைத்து உண்டவர்களில் இருவர் மாண்டனர். கிழக்காசியாவிலிருந்து வருகிறவர்கள் அதை வைக்கோல் காளான் என்று எண்ணிவிடுகிறார்கள். வைக்கோல் காளான் நமக்கும் அந்நியமன்று. கோயம்புத்தூரில் 1940-களிலேயே அதைப் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் அமானிட்டாவும் குஞ்சுப் பருவத்தில் முட்டைபோல ஓர் உறைக்குள் மூடிக் கிடக்கும். விரிந்தபின்னும் இரண்டின் அடியிலும் அந்த உறை கிழிந்த பையாக நிற்கும். சொந்த நாட்டில் சோறு போட்ட அறிவு அயல்நாட்டில் உயிரை வாங்கிவிட்டது.

2022 ஏப்ரலில் மேல் அஸ்ஸாம் மாவட்டங்களில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். அத்தோட்டத் தொழிலாளரின் முன்னோர்கள் சோட்டா நாகபுரி முதலிய இடங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள். சால மரக் காடுகளில் காளான் பொறுக்குவது அந்த ஜனங்களின் தொன்றுதொட்ட பழக்கம். காட்டை விட்டு வந்தவர்களுடன் பழக்கம் கூடவே வந்தது; காடு வரவில்லை.

அப்படியானால் அறிவது எங்ஙனம்? விஷத்துக்குப் பொதுவான அடையாளம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு காளானையும், ஊரில் மனிதரை அறிவதுபோல, தனித்தனியே அறியவேண்டும். குடையை மட்டும் கிள்ளாமல் அடியோடு தோண்டி எடுத்துப் பார்க்கவேண்டும், ஏனெனில் அமானிட்டாவின் பை மண்ணுக்குள்ளேதான் ஒளிந்திருக்கும். விரியாத மொட்டைத் தொடவே கூடாது. பிறகு வித்துத்தூளைப் பார்க்கவேண்டும். இதைச் செய்ய வீட்டில் ஒரு காகிதமும் ஒரு கிண்ணமும் போதும். முற்றிய குடையைக் காம்பிலிருந்து நறுக்கி, அடிப்புறத்திலுள்ள விசிறிமடிப்புகள் கீழே படும்படி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தில் வைத்துக் கிண்ணத்தால் மூடிவிடுங்கள். விடிந்ததும் திறந்தால் மடிப்புகள் அத்தனையும் கோலமிட்டதுபோலப் பதிந்திருக்கும். அமானிட்டாவின் கோலம் வெள்ளை. புற்றுக் காளானுக்கும் வைக்கோல் காளானுக்கும் இளஞ்சிவப்பு. புல்தரையின் முரட்டுத் திருடனுக்குப் பச்சை. இளஞ்சிவப்பு என்றால் உடனே உலையேற்றலாம் என்று எண்ணவேண்டாம். அந்த நிறத்தில் விஷமுள்ளவையும் உண்டு. இது வேண்டாததைத் தள்ளுவதற்கே உதவும், கொள்ளுவதற்கு அன்று.

கொள்ளுவதற்கு, அதே காட்டில் அதே காளானைப் பல மழைக்காலம் பறித்து உண்டவரோடு கூடவே நடந்து கற்பதைத் தவிர வேறு உபாயம் நமக்குத் தெரியவில்லை. மேற்கு மலைத்தொடரின் பழங்குடிப் பெண்களிடம் அந்த வித்தை இன்னும் இருக்கிறது. அவர்கள் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போகப்போக அது குறைந்துகொண்டும் வருகிறது. அந்த இடத்தைக் கைப்பேசி நிரப்பிவிடும் என்று சில இளைஞர்கள் நம்புகிறார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் மண்ணுக்குள் இருக்கும் பையும் தெரியாது, தூளின் நிறமும் தெரியாது, மணமும் தெரியாது. அதைப் பார்த்து ஒரு யந்திரம் சொல்லும் பெயரை நம்பி உலையேற்றுவதற்குப் பழைய வெள்ளிக் காசே தேவலை. அதையாவது பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

காட்டுக் காளான் தின்று பல மணி நேரம் கழித்து யாருக்கேனும் வாந்தி கண்டால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வாந்தி நின்றுவிட்டதென்று பயணத்தை நிறுத்தக்கூடாது. கூட உண்டவர்கள் சுகமாக இருந்தாலும் அவர்களையும் அழைத்துச் செல்லவேண்டும். சமைக்காத காளான் மிச்சமிருந்தால், அல்லது நறுக்கி எறிந்த அடித்தண்டு குப்பையில் கிடந்தாலும், பொறுக்கிக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே அழுகி, வைத்தியர் பார்க்கும்போது உருத்தெரியாமல் போய்விடும்.