கழற்றுவதற்கு முன் கண்டுபிடியுங்கள்

"பழைய காடிதானே, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லி, பின்பக்கப் பூட்டில் ஒரு டப்பா மினியாக் ஈத்தாமை (எஞ்சின் எண்ணெய்) வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை நிறையப் பேர். எண்ணெய் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு ஆபத்தானது.

மலேசியக் காரே இதற்குச் சான்று. புரோட்டோனின் 1.6 லிட்டர் டர்போ எஞ்சின் பொருத்திய எக்சோரா, பிரிவே, சுப்ரிமா எஸ் கார்களில், ஆயில் கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் சூட்டில் இறுகிக் கசியத் தொடங்கியது. அந்த ஹோஸ் திடீரென்று விட்டுப்போனால் சில நிமிடங்களில் எண்ணெய் முழுவதும் சாலையில் கொட்டிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் நிறுவனமே அந்தக் கார்களைத் திரும்ப அழைத்து ஹோஸை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. எண்ணெய் அப்படிக் கொட்டும்போது டாஷ்போர்டில் எரியும் சிவப்பு எண்ணெய் விளக்கு காட்டுவது எண்ணெயின் அளவையன்று, அழுத்தம் விழுந்துவிட்டதை. விளக்கு எரிந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும். கூட்டரசு நெடுஞ்சாலையில் அடுத்த வெளியேற்றம் வரை ஓட்டிப் பார்த்தால் பேரிங்குகள் போய்விடும்.

உரிமையாளரின் அலட்சியம் ஒரு பக்கம் என்றால், பட்டறையின் அவசரம் இன்னொரு பக்கம். பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

ஒழுகல் எங்கே தெரிகிறதோ அங்கே தொடங்கியிருக்கும் என்று நம்ப முடியாது. எஞ்சின் தலையில் உள்ள வால்வ் கவர் கேஸ்கட் சூட்டில் காய்ந்து பிளாஸ்டிக் போல விறைத்துப்போகிறது. அதன் பின் ஓரத்தில் கசியும் எண்ணெய் பிளாக்கின் மேல் மெல்ல வழிந்து, எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் தேங்கி, அங்கிருந்து சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்குக் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல் போய்விட்டது போலவே தோன்றும். உள்நாட்டுக் கார்களுக்கு அந்தக் கேஸ்கட்டின் விலை சில பத்து வெள்ளி. பின் சீலை மாற்றவோ கியர் பெட்டியையே இறக்க வேண்டும். கூலியே பல நூறு வெள்ளியைத் தொடும். அத்தனையும் கொடுத்த பிறகு அதே இடத்தில் மறுபடியும் சொட்டினால் யாரைக் கேட்பது?

கசிவு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை கடினமானதன்று. எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டி வந்து, விளக்குப் பிடித்து மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். ஈரத்தின் மிக உயரமான புள்ளிதான் ஊற்றுக்கண். அப்படியும் பிடிபடாவிட்டால் எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து ஓட்டி, புற ஊதா டார்ச்சால் தேடலாம். வீட்டிலேயே இரவில் காருக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தால் காலையில் பாதி விஷயம் தெரிந்துவிடும்: நிறமில்லாமல் இருந்தால் ஏர்கான் தண்ணீர், சிவப்பு என்றால் பெரும்பாலும் கியர் எண்ணெய், பழுப்போ கறுப்போ என்றால் எஞ்சின் எண்ணெய்.

இன்னொன்றையும் பல பட்டறைகள் பார்ப்பதில்லை. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல்களின் வழியாகவும் எண்ணெயை வெளியே தள்ளும். அதைச் சரி செய்யாமல் போடும் புது சீலும் விரைவில் கசியும். கேஸ்கட்டுக்குப் பதிலாக சிலிக்கானை அப்பிவிடுவது அதைவிட மோசம். உள்ளே பிதுங்கிய துண்டு எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்தால் எஞ்சினே போய்விடும்.

மலேசியாவில் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. ஆகவே இதைக் கவனிக்க வேண்டியவர் உரிமையாளர்தான். ஊற்றுக்கண்ணைக் காட்டச் சொல்லுங்கள், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகே கழற்ற ஒப்புக்கொள்ளுங்கள். தேடுவதற்கென்று மெக்கானிக் தனிக் கூலி கேட்டால் மனமாரக் கொடுங்கள். அது அவருடைய திறமைக்கான விலை. மாற்றிய பழைய பாகத்தையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். தகராறு என்று வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே பதிவு செய்யலாம்.