மோட்டார் சைக்கிள் இன்ஷூரன்ஸ்: செலவு எது, சிக்கனம் எது?

தேங்காய்ப்பட்டணத்தை அடுத்துள்ள ஒரு சங்கத்தின் கணக்குகளைச் சென்ற ஆண்டு நாம் ஆய்வு செய்ய நேர்ந்தது. தவணை தவறியோர் ஜாபிதாவில் ஒரு பெயர் நம் கண்ணில் பட்டது. அவர் ஒரு சிறு தென்னை விவசாயி. பல ஆண்டுகளாக ஒரு தவணையேனும் தவறாமல் கடனைச் செலுத்தி வந்தவர். அத்தகையவரின் பெயருக்கு நேரே சிவப்பு மையினால் கோடிடப்பட்டிருந்தது. காரணம் யாதென வினவியபோது சங்கத்தாரால் விடை கூற இயலவில்லை. ஆகவே அவரையே வரவழைத்துக் கேட்டோம்.

அவர் கூறிய வரலாறு சுருக்கமானது. சங்கத்தின் உதவியோடு புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளில் ஒரு மாலை வேளையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சாலையைக் கடந்த முதியவர் ஒருவர் மீது வண்டி மோதியது. முதியவரின் தொடையெலும்பு முறிந்தது. ஓட்டுநர் உரிமம் இருந்தது. பதிவுப் புத்தகம் இருந்தது. இன்ஷூரன்ஸ் மட்டும் பதினொரு நாட்களுக்கு முன்னர் முடிந்து போயிருந்தது. வழக்கு லோக் அதாலத்தில் சமரசமாகி, மூன்று இலட்சம் ரூபாய் அவர் தலையில் விழுந்தது. இருபது சென்ட் தென்னந்தோப்பை விற்றுக் கொடுத்தார். “பணம் இல்லாமல் விடவில்லை, சார். அஞ்சு வருஷமாக யாரும் கேட்கவில்லை, நானும் மறந்துவிட்டேன்” என்றார் அவர்.

அவ்விடை நம்மை வெட்கமுறச் செய்தது. கடன் வழங்கியபோது பாலிசியின் நகலைப் பெற்றுக் கோப்பில் சேர்த்தவர்கள் சங்கத்தார். அக்கோப்பை ஆண்டுதோறும் புரட்டிக் கையொப்பமிட்டவர்கள் நம்மைப் போன்ற ஆய்வாளர்கள். பாலிசி முடிவுறும் தேதியை ஒருவரும் பார்க்கவில்லை. ஆகவே இப்பொருள் பற்றி நம் உறுப்பினர்களுக்கும் சங்கங்களுக்கும் சில சொற்கள் கூறுவது நமது கடமையென எண்ணுகிறோம்.

‘இன்ஷூரன்ஸ் ஏறிக்கொண்டே போகிறது’ என்னும் முறையீடு வடசேரித் தறிக்கூடத்திலும் கேட்கிறது. தேங்காய்ப்பட்டணத்துக் கயிற்றுக் களத்திலும் கேட்கிறது. செலுத்தும் தொகையில் எப்பகுதி எதற்காக என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அத்தொகை ஒன்றல்ல, மூன்று பகுதிகள் கொண்டது.

முதற்பகுதி மூன்றாம் நபர் காப்பு. நம் வண்டியினால் பிறருக்கு நேரும் தீங்கிற்கு நஷ்ட ஈடு வழங்குவது இதுவே. சட்டம் கட்டாயமாக்கியிருப்பதும் இதுவே. பிரிட்டன் 1930இல் இக்கட்டாயத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இது பற்றிய அத்தியாயம் 1946 ஜூலை 1 முதல் அமலாயிற்று. இன்று நடைமுறையிலுள்ளது 1988ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 146ஆம் பிரிவு இதனை வலியுறுத்துகிறது. காப்பின்றி ஓட்டினால் முதன்முறை 2,000 ரூபாயும் மறுமுறை 4,000 ரூபாயும் அபராதம். மூன்று மாதம் வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம்.

இப்பகுதிக்குரிய பிரிமியத்தைக் கம்பெனிகள் தம் விருப்பப்படி நிர்ணயிப்பதில்லை, அரசாங்கமே நிர்ணயிக்கிறது. ஆகவே இதில் பேரத்துக்கு இடமில்லை. நூலின் நம்பர் ஏற ஏற விலை ஏறுவதுபோல, எஞ்சினின் சி.சி. ஏற ஏற இத்தொகை ஏறும். 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அட்டவணைப்படி ஆண்டொன்றுக்கு 75 சி.சி. வரை 538 ரூபாய். 75க்கு மேல் 150 வரை 714 ரூபாய். 150க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய். அதற்கு மேற்பட்டால் 2,804 ரூபாய். இவற்றோடு சரக்கு சேவை வரி 18 சதவிகிதம் சேரும். அட்டவணை அவ்வப்போது திருத்தத்திற்கு உட்பட்டதாதலால், புதுப்பிக்கும் நாளில் உள்ள விகிதத்தைக் கேட்டறிதல் நலம். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது 150 சி.சி.க்கு உட்பட்ட வண்டியே. வரியுடன் அவர்கள் செலுத்த வேண்டியது ஏறக்குறைய 843 ரூபாய். நாள் ஒன்றுக்கு இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. 150 சி.சி. எல்லையைத் தாண்டிய வண்டியைத் தேர்ந்தெடுக்கும் இளைஞர், ஆண்டுதோறும் ஏறக்குறைய இருமடங்கு செலுத்த உடன்படுகிறார் என்பதை வாங்கும் நாளிலேயே நினைவிற்கொள்ள வேண்டும்.

இச்சிறு தொகை எவ்வளவு பெரிய பொறுப்பைத் தாங்குகிறது என்பதையும் பார்ப்போம். மாதம் 12,000 ரூபாய் ஈட்டும் முப்பத்தெட்டு வயது நெசவாளர் ஒருவர் விபத்தில் இறக்கிறார் எனக் கொள்வோம். மனைவி, இரு குழந்தைகள், தாய் ஆகிய நால்வர் அவரை நம்பி வாழ்பவர்கள். சுப்ரீம் கோர்ட் 2009இல் சர்ளா வர்மா வழக்கில் வகுத்த முறைப்படி ஆண்டு வருமானம் 1,44,000இல் நாலில் ஒரு பங்கு அவருடைய சொந்தச் செலவெனக் கழிக்கப்படும். மீதி 1,08,000ஐ அவ்வயதுக்குரிய 15ஆல் பெருக்கினால் 16,20,000 ரூபாய். எதிர்கால வருமான உயர்வு இதில் சேரவில்லை. உயிருக்கும் உடலுக்கும் நேரும் சேதத்தைப் பொறுத்தவரை, தீர்ப்பாயம் எத்தொகை விதித்தாலும் செல்லுபடியாகும் பாலிசி இருந்தால் கம்பெனி செலுத்தும். இல்லையெனில் வண்டிக்குடையவரின் வீடும் நிலமும் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் பகுதி சொந்தச் சேதக் காப்பு. இது கட்டாயமன்று. நம் வண்டி திருடுபோனாலும், தீப்பற்றினாலும், புயலிலும் வெள்ளத்திலும் சேதமுற்றாலும் ஈடு தருவது இது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைச் சாய்த்தபோது தென்னையும் ரப்பரும் வாழையும் விழுந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. விழுந்த மரத்தின் அடியில் ஒரு வண்டி நசுங்கினால், மூன்றாம் நபர் காப்பு மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு காசும் கிடைக்காது. ஆனால் கடற்காற்றால் ஏறும் துருவுக்கும், நாட்பட்ட தேய்மானத்துக்கும் எந்தப் பாலிசியும் ஈடு தராது. நம் கரையோர உறுப்பினர்கள் இதனை நன்கு உணர வேண்டும்.

சொந்தச் சேதப் பிரிமியத்தை 2007 முதல் கம்பெனிகளே நிர்ணயித்து வருகின்றன. ஆகவே பேரத்துக்கும் ஒப்பிடுதலுக்கும் உரிய இடம் இதுதான். வண்டியின் மதிப்பு, வயது, எஞ்சின் அளவு, பதிவான ஊர் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். சென்னை முதலிய பெருநகரங்கள் ஒரு மண்டலமாகவும், நம் மாவட்டம் உள்ளிட்ட ஏனைய பகுதிகள் குறைந்த விகிதமுள்ள வேறொரு மண்டலமாகவும் பழைய கட்டண விதிகளில் பிரிக்கப்பட்டிருந்தன. வண்டியின் மதிப்பும் ஆண்டுதோறும் தேயும்: ஓராண்டு முடிந்து இரண்டாம் ஆண்டில் 20 சதவிகிதமும், நான்காண்டு கடந்து ஐந்தாம் ஆண்டில் 50 சதவிகிதமும் கழிக்கப்படும். பிரிமியத்தைக் குறைப்பதற்காக மதிப்பை இன்னும் தாழ்த்திக் காட்டச் சொல்வோர் உண்டு. திருடுபோகும் நாளில் கிடைப்பதும் அத்தாழ்ந்த மதிப்பே என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நஷ்ட ஈடு கோராத ஆண்டுகளுக்கு ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்னும் தள்ளுபடி உண்டு. முதலாண்டுக்குப் பின் 20 சதவிகிதம். பிறகு 25, 35, 45 என உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 50 சதவிகிதம் ஆகும். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் ஐந்தாண்டுகளில் சேர்த்த இத்தள்ளுபடி முற்றிலும் அழிந்துவிடும். ஒரு சிறு கீறலுக்காக ஈடு கோரி இத்தள்ளுபடியை இழப்பதும் சிக்கனமன்று.

மூன்றாம் பகுதி வண்டிக்குடையவர் தாமே ஓட்டும்போது அவருக்குரிய விபத்துக் காப்பு. இதன் தொகை 2018 முதல் 15 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரண்டு வண்டிகள் உடையவர் இதற்கு இருமுறை செலுத்தத் தேவையில்லை. வேறு தனிப்பட்ட விபத்துப் பாலிசி அதே அளவில் வைத்திருப்பவரும் மீண்டும் வாங்க வேண்டியதில்லை. இதை அறியாமல் இரட்டிப்பாகச் செலுத்துவோர் நம்மிடையே உளர்.

இனி, நம் குடும்பங்களை நேரே தொடும் ஒரு செய்தி. பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் மனைவிக்கோ மகளுக்கோ விபத்து நேர்ந்தால் யார் ஈடு தருவார்? சட்டம் கட்டாயப்படுத்தும் காப்பு மட்டும் உள்ள பாலிசி, கட்டணமின்றிப் பின்னால் அமர்ந்து செல்வோரைப் பாதுகாக்காது என்று 2006இல் திலக் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. முழுப் பாலிசியில் அவர்களுக்கும் காப்பு உண்டு என்பதை இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் தெளிவுபடுத்தியது. நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் என்பது ஒருவர் ஏறும் வாகனமன்று. அது குடும்ப வாகனம். நூலை ஏற்றிக்கொண்டு தறிக்கும், தேங்காயை ஏற்றிக்கொண்டு சந்தைக்கும், மனைவியை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கும் அதுவே போகிறது. எனவே வண்டி பழையதாயிற்றே என்று முழுப் பாலிசியைக் கைவிடுபவர், பின்னிருக்கைக்குரிய விபத்துக் காப்பையேனும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

உரிமமில்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பதும் இதைப் போன்ற தவறே. அடிபட்டவருக்குக் கம்பெனி செலுத்தினாலும், அத்தொகையை உடையவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை அதற்கு உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத மகன் ஓட்டி விபத்து நேர்ந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் காத்திருக்கின்றன.

நிற்க. பிரிட்டன் போன்ற நாடுகளில் ஓட்டுபவரின் வயது, முன்வரலாறு, குடியிருக்கும் இடம் ஆகியவற்றைக் கொண்டு பிரிமியம் கணிக்கப்படுகிறது. நம் நாட்டின் மூன்றாம் நபர் காப்பில் அவ்வேற்றுமை இல்லை. நிதானமாக ஓட்டும் ஐம்பது வயது விவசாயியும், வேகத்தில் மயங்கும் இருபது வயது வாலிபரும் ஒரே தொகையையே செலுத்துகின்றனர். இது அநீதி என்பார் சிலர். நாம் இதனைக் கூட்டுறவின் ஓர் உருவமாகவே காண்கிறோம். பலர் சிறிது சிறிதாக ஈந்து, ஒருவர் வீழ்கையில் தாங்கிக்கொள்வதன்றோ நம் இயக்கத்தின் உயிர்? ஆனால் எச்சங்கத்திலும் பங்குத்தொகை செலுத்தாமல் பயனை மட்டும் நாடுபவர் பாரமாவதுபோல, காப்பின்றி ஓட்டுபவர் சாலையிலுள்ள அனைவருக்கும் பாரமாகிறார். அடிபடுபவரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற எளியவரே.

கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடர்ந்த பொதுநல வழக்கில், புது இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பு கட்டாயம் எனச் சுப்ரீம் கோர்ட் 2018 ஜூலை 20இல் உத்தரவிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் அது அமலாயிற்று. ஆண்டுதோறும் மறக்கும் வழக்கத்துக்கு இது நல்ல மருந்தே. எனினும் ஐந்தாண்டு நினைக்க வேண்டாத ஒன்றை ஆறாம் ஆண்டு நினைப்பது எளிதன்று. அன்று வாங்கிய வண்டிகளின் பாலிசிகள் 2023 செப்டம்பர் முதல் ஒவ்வொன்றாக முடிவுற்று வருகின்றன. நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட விவசாயி இந்த இடைவெளியில்தான் வீழ்ந்தார்.

ஆகவே நம் சங்கங்கள் இரண்டு காரியங்களை உடனே மேற்கொள்ளலாம் என்பது நமது கருத்து. முதலாவது, உறுப்பினர்களின் வண்டி எண்ணையும் பாலிசி முடியும் தேதியையும் குறிக்கும் ஒரு பதிவேடு. மாதந்தோறும் காரியதரிசி அதைப் பார்த்து, அடுத்த மாதம் முடிவுறும் பாலிசிகளின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் எழுதினால் போதும். செலவு ஒரு சாக்குக்கட்டியே. இரண்டாவது, வாரம் இருபது ரூபாய் வீதம் ஒரு தனிச் சேமிப்பு. ஐம்பத்திரண்டு வாரங்களில் 1,040 ரூபாய் சேரும். 150 சி.சி.க்கு உட்பட்ட வண்டியின் மூன்றாம் நபர் பிரிமியமும் வரியும் போக ஏறக்குறைய இருநூறு ரூபாய் மீதமும் நிற்கும். தறி ஓடாத வாரத்திலும், மழையால் தேங்காய் வெட்டு நின்ற மாதத்திலும், உறுப்பினர் கடன் வாங்கிப் புதுப்பிக்க வேண்டிய நிலை வராது.

இதற்குப் புதிய சட்டமோ மேலிடத்து உத்தரவோ வேண்டியதில்லை. பொதுக்குழுவில் ஒரு தீர்மானமும், காரியதரிசியின் ஒரு மணி நேரமும் போதுமானவை. ஆய்வுக்குச் செல்லும் நாமும் இனித் தவணை தவறியோர் ஜாபிதாவைப் பார்க்குமுன் அப்பதிவேட்டைக் கேட்பதென உறுதி பூண்டுள்ளோம். இருபது சென்ட் தென்னந்தோப்பை அவருக்குத் திருப்பித் தர நம்மால் இயலாது. அடுத்தவரின் தோப்பையேனும் காப்பது நம் கையில் உள்ளது.